நூதனசாலைக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை

முதலில் வயிற்றால் போனது. வலி இல்லாததால் பொருட்படுத்தாமல் பாடம் நடத்தப் போய்விட்டேன். மத்தியானத்துக்குள் கஞ்சித் தண்ணீர் போல வெளியேறத் தொடங்கியது. கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டது. என் கணவர் என்னைத் தூக்கிக்கொண்டுதான் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குள் போனார்.

"கொலராதான், டீச்சர். பயப்பிடாதேங்கோ, தண்ணி ஏத்தினால் எழும்பிடுவியள்" என்றார் டொக்டர். நீரிழப்பு (உடம்பிலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போவது) என் தொண்டையையும் பிடித்திருந்தது. வாயைத் திறந்தால் காற்று மட்டுமே வந்தது.

தொற்று வார்ட்டில் என் பக்கத்துக் கட்டிலில் சபீனா கிடந்தாள். கிண்ணியாவைச் சேர்ந்தவள். பால்குடிப் பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

இரண்டாம் நாள் பிற்பகல் அவளுடைய சேலைன் போத்தல் (நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர்) வெறுமையானது. "டீச்சர், மிஸ்ஸியக் கூப்பிடுங்க" என்றாள். மிஸ்ஸி (தாதி) வார்ட்டின் மறுகோடியில் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை. கையைத் தூக்கப் பார்த்தேன், அதுவும் ஏலவில்லை. மிஸ்ஸி வந்தபோது சபீனாவின் கண்கள் திறந்தபடி நின்றுவிட்டிருந்தன.

அவள் உடலைக் குளிப்பாட்டக்கூட வீட்டாரிடம் கொடுக்கவில்லை. அவளுடைய கணவர் ஆஸ்பத்திரிப் படலைக்கு (வெளிவாசல் கதவு) வெளியே நின்றாராம்.

அடுத்த வருடம் கொழும்பிலிருந்து நூதனசாலை (அருங்காட்சியகம்) அதிகாரி ஒருவர் வந்தார். கொலராவைப் பற்றித் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரிடமும் நினைவுகளும் பொருட்களும் சேர்ப்பதாகச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் மொழிபெயர்க்க அழைத்தார். பாதை எனப்படும் மிதவையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனோம். போகும் வீடு சபீனாவின் வீடு என்பது வாசலில்தான் தெரிந்தது.

"அவவின்ர சாமான் ஏதும் இருக்குதோ?" என்று சபீனாவின் கணவரிடம் கேட்டேன்.

"சுகாதாரக்காரங்க எல்லாத்தையும் எரிச்சிட்டாங்க, டீச்சர். பாய், உடுப்பு, தலகாணி, எல்லாம்."

'பொருள் இல்லை' என்று அதிகாரி எழுதினார்.

என் முகத்தைப் பார்த்த அவர், "மிஸ்ஸி சொல்லியிரிந்தாங்க, நீங்கதானே பக்கத்துக் கட்டில்ல இரிந்த டீச்சர்? கடைசியா அவ என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"மிஸ்ஸியைக் கூப்பிடச் சொன்னவ. கூப்பிடப் பார்த்தனான். குரல் வரேல்லை."

 "ஒங்களுக்கும் ஏலாதானே" என்றார் அவர்.

நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னேன். ஒரு மாதம் கழித்துக் கையொப்பத்துக்காக வாக்குமூலம் தபாலில் வந்தது. அதில், 'ஆசிரியை உதவிக்குக் குரல் கொடுத்தும் பலனில்லை' என்றிருந்தது. அதை வெட்டி, 'குரல் கொடுக்க முடியவில்லை' என்று எழுதி அனுப்பினேன். எந்த வரியை வைத்துக்கொண்டார்களோ தெரியாது.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது அப்படிப் படுத்திருந்தால், உடம்பு தேறும் என்று மட்டும் சொல்வேன். என்னுடையது தேறிவிட்டது. ஆனால் பாடத்தின் நடுவே வலது கை இடது மணிக்கட்டுக்குத் தானாகப் போய், நாடி இருக்கிறதா என்று தடவுகிறது. நான் நேரம் பார்ப்பதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.