வழுவழு வீட்டுப் படுக்கை

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘வழுவழு’ என்று பெயர். பெரிய துணிக்கடையில் படுக்கை விரிப்பு விற்கிறார். யார் வீட்டுக்குப் போனாலும் கட்டிலில் கிடக்கும் விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், அதற்கப்புறம்தான் நலம் விசாரிப்பார். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் இதைச் செய்து என் மானத்தை வாங்கினார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் அக்கா ஒழுங்காகத் தூங்கிப் பல மாதம் ஆகிறது. ஐம்பதைத் தொடும் வயது. படுத்தால் உடம்பு கொதிக்கிறது, வேர்த்து ஊற்றுகிறது. தூக்கக் கலக்கத்தில், வேலை பார்க்கும் தையல் கூடத்தில் ஊசியை விரலில் இறக்கிக்கொண்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

“இந்த பெட்ஷீட் எனக்கு ஒத்துக்கலைங்க, ஒரேயடியா வேர்க்குது” என்றாள் அக்கா.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “சதுர அங்குலத்துக்கு ஆயிரம் நூல் ஓடுற ஷீட்டு. காசுக்காரங்களே தடவிப் பாத்துட்டுப் பெருமூச்சு விட்டுட்டுப் போறாங்க. உனக்கு வேர்க்குதுன்னா கோளாறு உடம்புல.”

அத்தோடு விட்டாரா? அடுத்த வாரம் அதைவிடப் பளபளப்பாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து விரித்தார். அக்கா அதில் வெந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பேசாம கடைக்கே போன் பண்ணிக் கேளுக்கா” என்றேன், கிண்டலாகத்தான். அவள் நிஜமாகவே என் போனை வாங்கிக் கடை எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டாள். எடுத்தவர் சாட்சாத் வழுவழு. அக்கா தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் தன் கஷ்டத்தையெல்லாம் சொன்னாள்.

“ராத்திரி அடிக்கடி எந்திரிக்கிறீங்களாம்மா? அடடா.”

கல்யாணமான நாள்முதல் அவர் வாயிலிருந்து ஒரு ‘அடடா’ நான் கேட்டதில்லை.

“நூல் கணக்கை நம்பாதீங்கம்மா. நூல நெருக்க நெருக்கக் காத்து போகாது. பளபளன்னு இருக்கறது பாலியஸ்டர், சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். கடையில தொட்டா மெத்துனு இருக்கறது பாதி மேல்பூச்சு, நாலு தண்ணி பாத்தா போயிடும். நீங்க சுத்தப் பருத்தியில சாதா நெசவு வாங்குங்க. மொதல்ல மொடமொடன்னு இருக்கும். துவைக்கத் துவைக்க மெத்துனு ஆயிடும். நல்லாத் தூங்குங்கம்மா.”

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. நான் வேறு கடையில் அதையே வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைப் பக்கத்து அறையில் விரித்துப் படுத்து, விடியும்வரை அசையாமல் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, தேநீரை உறிஞ்சியபடி அவர் ஆரம்பித்தார். “கடைக்கு ஒரு அம்மா போன் பண்ணுச்சு. தூக்கமே இல்லையாம், பாவம். கட்டினவன்னு ஒருத்தன் இருப்பான்ல, என்ன ஏதுன்னு விசாரிக்க மாட்டானா? மரக்கட்டை.”

“அது நான்தாங்க” என்றாள் அக்கா.

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “குரல் வேற மாதிரி இருந்துச்சே.”

“அதே குரல்தாங்க. அன்னிக்குத்தான் முழுசாப் பேச விட்டீங்க.”