இரவல் வாங்கிய நஞ்சுக்கொடி

ரப்பர் தோட்டப் பள்ளியில் கற்ற கொஞ்சம் எழுத்தை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கென்ன அவசரம்? ஆனால் ஒன்று, எண்பதுகள் முழுக்கக் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். கண்ணாடிச் சாமான் கழுவுவேன், வார்டுக்குப் போய் வருவேன். என் கழுவலில் குறை சொன்னவர் கிடையாது.

எங்கள் டாக்டரம்மா யாழ்ப்பாணக் குடும்பம். அவரும் பிரிக்பீல்ட்ஸ், நானும் பிரிக்பீல்ட்ஸ். அவர் காரில் வருவார், நான் பஸ்ஸில். பல நாள் நான்தான் முதலில் வந்து சேர்வேன்.

கர்ப்பம் தங்கினால் உடம்பில் சில புரதங்கள் ஊறுமாம். கரு கலைந்துபோன பெண்களின் சதைத்துண்டில் அவை இருக்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்கு ஆன்டிபாடி என்று ஒரு மருந்து, சின்னக் குப்பியில், வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய் எத்தனை பிள்ளைகளைப் பார்த்தாலும் தன் பிள்ளை கையைத்தானே பிடிப்பாள்? அந்த மருந்தும் அப்படித்தான். தனக்குரிய புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் கோப்பி நிறம் ஏறும்.

ஒருமுறை அந்தப் பெட்டி விமான நிலையத்திலேயே கிடந்து, ஐஸ் கரைந்து வந்தது. மருந்து கெட்டுவிட்டதா என்று தெரியவில்லை. நல்ல நஞ்சுக்கொடியில் அந்தப் புரதம் நிறைய இருக்கும். அதில் போட்டும் நிறம் வராவிட்டால் குப்பியைக் குப்பையில் போட வேண்டியதுதான். கையிருப்பில் நஞ்சுக்கொடித் துண்டு தீர்ந்திருந்தது. “அக்கா, வார்டில கேட்டு வாங்க உங்களாலதான் முடியும்” என்றார் டாக்டரம்மா. அது உண்மைதான்.

மலாய்க்காரர்கள் நஞ்சுக்கொடியை ஊரி என்பார்கள். கழுவி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். அவர்களிடம் நான் கேட்பதில்லை. அன்று வார்டில் நம்ம பெண் ஒருத்தி ஆண் பிள்ளை பெற்றிருந்தாள். தாய் வீடு பிரிக்பீல்ட்ஸ் என்பதால் இங்கே வந்திருந்தாள். புருஷன் மேரு என்கிற ஊரில் லோரி ஓட்டுகிறவர். கையில் காலி பிஸ்கட் டின்னோடு கட்டில் பக்கத்தில் நின்றார்.

“என்னாக்கா, நஞ்சப் போயி கேக்கறீங்க? குழி வெட்டி வெச்சிட்டு வந்திருக்கேன்.”

“முழுசும் வேணாம் தம்பி. கட்டவெரல் அளவு போதும்.”

“கொறச்சலாப் பொதைச்சா புள்ள ஒரு எடத்துல நிக்காதாம்லா.”

“லோரிக்காரன் புள்ள எப்படிய்யா ஒரு எடத்துல நிக்கும்?”

கட்டிலில் கிடந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“சரி, இரவலாக் குடு. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்” என்றேன். பக்கத்து வீட்டில் சீனி கேட்கிற வாய், பழக்கத்தில் அப்படி வந்துவிட்டது.

“வாக்கா?”

“வாக்குத்தான்.”

“குடுத்துடுங்க” என்றாள் அவள். “மொத தடவ நமக்குத் தங்கல. இவங்க பாக்கறது அதத்தானே?”

துண்டு கிடைத்தது. அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி, மருந்து போட்டார்கள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் என்கிற பெரிய பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். கிளை கிளையாக, ஓரமெல்லாம் கோப்பி நிறம். மருந்து பிழைத்துக்கொண்டது. டாக்டரம்மா எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கித் தந்தார்.

அடுத்த வாரம் அந்த மனிதர் அதே பிஸ்கட் டின்னோடு ஆராய்ச்சிக்கூட வாசலில் நின்றார். “மத்ததப் பொதைச்சிட்டேன்கா. பக்கத்துல எடம் விட்டு வெச்சிருக்கேன்.”

“என்ன கேக்கிறார்?” என்றார் டாக்டரம்மா.

“இரவல் வாங்கினத, டாக்டர்.”

“இரவலோ! அக்கா, பாதி மெழுகுக்குள்ள போயிட்டுது. மிச்சம் இனிமேலும் வேணும்.”

“நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

நகராமல் நின்றேன். ஆராய்ச்சிக்கூடத்துக் கதவில் டாக்டர் பெயர் இருக்கலாம். வார்டில் இருப்பது என் பெயர். அந்த வாக்குப் போனால் பிறகு எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நான் நிற்பது?

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். “ஓம், அப்ப குடுக்கத்தான் வேணும்” என்றார்.

மருந்துத் தண்ணீர் போத்தலில் ஊறிக்கிடந்த மிச்சத்தைக் குழாயடியில் மருந்து வாடை போகும்வரை கழுவி, மஞ்சள் தடவி டின்னில் வைத்தேன். அவர் எட்டிப் பார்த்தார். “இவ்ளோதானா?”

டாக்டரம்மா அவரைப் பூதக்கண்ணாடி முன்னால் உட்கார வைத்தார். “மிச்சம் இதில இருக்கு. பாருங்கோ.”

“இந்த நெறம் நல்லதா, கெட்டதா டாக்டர்?”

“நல்லது. உங்கட பிள்ளையின்ர நஞ்சு தன்ர வேலையைச் செய்திருக்கு.”

அவர் கண்ணை எடுக்கவே இல்லை. “மொதல்ல தங்காமப் போச்சே, அதுல இந்த நெறம் இருந்திருக்காதா?”

“தெரியாது. அதைத்தான் தேடுறன்.”

பிறகு டின்னை மூடிக்கொண்டு எழுந்தார். “அப்ப மெழுகுல இருக்கறது இரவலாவே இருக்கட்டும்கா. நல்லாத் தேடச் சொல்லுங்க.”

நான் வேலையை விடும்வரை அந்த மெழுகுக்கட்டியை மற்றவற்றோடு கலக்க யாரையும் விடவில்லை. நமது பொருளாக இருந்தால் பரவாயில்லை, இது இரவல் பொருள்.