என் கொண்டையும் என் மகளின் வகிடும்

முதல் அறிகுறி என் மகளின் தலையில் தெரியவில்லை. ஒரு வாடிக்கையாளரின் தட்டில் தெரிந்தது.

திருவிடந்தையைத் தாண்டி மாமல்லபுரம் போகும் சாலையில் என் மீன் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கடற்கரையில் ஓர் அடுப்பு, ஒரு வாணலி என்று மீன் வறுத்து விற்க ஆரம்பித்தேன். இன்று எண்பது பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யார் கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தட்டில்கூட முடி வந்ததில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். அன்று அணுபுரத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர், குழம்புச் சோற்றிலிருந்து நீளமான ஒரு முடியைத் தூக்கிக் காட்டினார்.

நேராக அடுப்படிக்குப் போய் மாஸ்டர் ஏழுமலையிடம் கத்தினேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தான்.

“இன்னாக்கா, எங்கிட்ட கொட்றதுக்கு இன்னா கீது? உச்சில ஈ உக்காந்தாலே வழுக்கிகினு போவுது.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த என் மகள் திவ்யாவின் முதுகில், அதே நீளத்தில் நாலைந்து முடி ஒட்டிக்கொண்டிருந்தது. மாலையில் அவள் தலையை வெளிச்சத்தில் பார்த்தேன். கோடாக இருந்த வகிடு ஒரு விரல் அகலத்துக்குப் பாதையாகிவிட்டிருந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது.

செங்கல்பட்டில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். மூன்று மாதம் முன்பு திவ்யாவுக்கு டெங்கு வந்ததைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெரிய காய்ச்சல், பிரசவம், பட்டினி போன்ற அதிர்ச்சிக்குப் பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டுமாம். அது தானாகவே அடங்கிவிடுமாம். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ஃபெரிட்டின் (உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்புச் சத்தின் அளவு) குறைவாக இருந்தது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“உங்க குடும்பத்துல பெண்கள் யாருக்காவது உச்சியில முடி குறைஞ்சிருக்காம்மா? உங்களுக்கு?”

நான் தலையைத் திருப்பித் தேங்காய் அளவுக் கொண்டையைக் காட்டினேன். “பாருங்க டாக்டரு. எங்க வம்சத்துல முடிக்குப் பஞ்சமே கெடயாது.”

அந்தக் கொண்டையில் முக்கால்வாசி சவுரி (வேறு யாருடைய முடியிலோ செய்த ஒட்டுமுடி). பதினைந்து வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். உச்சியில் தெரியும் தோலுக்குக் கறுப்பு மை, அதற்கு மேல் முழம் பூ. தலைக்குக் குளித்தால் கதவைச் சாத்திக்கொண்டு, கொண்டை முடிந்த பிறகுதான் வெளியே வருவேன். தூங்கும்போதும் கழற்றியதில்லை. பெற்ற மகளுக்கே தெரியாது.

மருத்துவர் என் பேச்சை நம்பி இரும்புச் சத்து மாத்திரை மட்டும் எழுதினார். ஆறு மாதம் சாப்பிட்டாள். கொத்தாகக் கொட்டுவது நின்றது. வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனது. நான் வெங்காயச் சாறு தேய்த்தேன், எண்ணெய் காய்ச்சினேன். திவ்யா கடைக்கு வருவதை நிறுத்தினாள். வீட்டுக்குள்ளேயே துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் என் கொண்டையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நான் மொட்டை போட்டுக்கறேன்மா. நீகூட கடைக்காக வேண்டிக்கினு போட்டியே, அப்புறம்தானே இவ்ளோ அடர்த்தியா வளந்துது? எனக்கும் வளரட்டும்.”

நான் மலைக்குப் போய் மொட்டை போட்டது கடைக்காக இல்லை. ஊருக்கு அப்படிச் சொன்னேன். முடிக்காகத்தான் போட்டேன். சாமி மேல் குறையில்லை. கத்தி மேலே இருப்பதை எடுக்கும், தோலுக்குள் இருக்கும் வேரைத் தொடாது. உச்சியில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் திரும்ப வந்தது. அதற்குப் பிறகுதான் சவுரி வாங்கினேன். இப்போது என் பொய்யை நம்பி என் பெண் தலையைச் சிரைத்துக்கொள்ளப் போகிறாள்.

“மொட்டை வோணாம். டாக்டர்கிட்ட வா” என்றேன்.

அங்கே கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பூவை எடுத்தேன். கொண்டையூசிகளை ஒவ்வொன்றாக உருவினேன். சவுரி கையோடு வந்தது. மேசைமேல் வைத்தேன். மைக்கறையோடு என் உச்சி வெளிச்சத்தில் இருந்தது.

மருத்துவர் ஒரு கருவியால் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) முதலில் என் தலையையும் பிறகு அவள் தலையையும் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. பரம்பரையா வர்றது. முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே மருந்து ஆரம்பிச்சிருப்பேன். வேர் சுருங்கிகிட்டே போகுது, முழுசா போறதுக்குள்ள பிடிக்கணும். இவங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

ஆண்களுக்கு நெற்றி ஏறும், உச்சியில் வட்டம் விழும். பெண்களுக்கு நெற்றி அப்படியே நிற்கும், வகிடு அகலும். இதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வண்டியில் திவ்யா சவுரியை மடியில் வைத்திருந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அதைத் தூக்கிப் பிடித்தாள்.

“இத்தப் பாத்துதான் நான் தெனம் அழுதேனா?”

அதை வாங்கக் கை நீட்டினேன், அவள் தரவில்லை.

“இன்னா வெயிட்டு கீது! எப்டிம்மா இதோட தூங்கின?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகவும் இருந்தது.

மருத்துவர் எங்கள் இருவருக்கும் மினாக்ஸிடில் (வேருக்கு இரத்த ஓட்டம் கூட்டும் சொட்டு மருந்து) எழுதிக் கொடுத்தார். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். முதல் சில வாரம் இன்னும் அதிகமாகக் கொட்டும். பழைய முடி புதியதற்கு வழி விடுகிறது. பயந்து நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தப் பார்த்தேன், திவ்யாதான் விடவில்லை. கர்ப்பம் என்றாலோ அதற்குத் திட்டம் என்றாலோ முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். “எனக்கும் ரெண்டு சொட்டு வுடுக்கா” என்று ஏழுமலை தலையை நீட்டினான். போய் உன் தலையைக் காட்டி உனக்கென்று எழுதி வாங்கு என்று விரட்டினேன். ஆண்களுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு ஆகாது. வீட்டில் ஒருவர் மருந்தை மற்றவர் பங்கு போட வேண்டாம்.

எட்டு மாதம் ஆகிறது. திவ்யாவின் வகிடு திரும்பவும் கோடாகிக்கொண்டு வருகிறது. கடையில் வலைத்தொப்பி போட்டுப் பரிமாறுகிறாள். எனக்கு வயதாகிவிட்டது, அவ்வளவு வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வந்தவரைக்கும் எனக்குப் போதும். நெல்லிக்காய் அளவுக்குச் சொந்தக் கொண்டை போடுகிறேன். பழைய கொண்டை எங்கே என்று யாராவது கேட்டால், “வூட்ல கீது” என்று சத்தமாகவே சொல்கிறேன். இந்தச் சாலையில் இதைச் சொல்லும் துணிச்சல் வேறு யாருக்கு இருக்கிறது?

அவசரத்தில் முன்னேறியவள் நான். முடி மாதத்துக்கு ஒரு விரல்நகம் அகலம்தான் வளர்கிறது, என் அதட்டலுக்கெல்லாம் அது நகரவில்லை. தினமும் மாலையில் ஒருவர் தலையில் ஒருவர் சீப்பால் வகிடு பிரித்துச் சொட்டு விடுகிறோம். பதினைந்து வருடம் காற்று படாத என் உச்சியில் கடல்காற்று படுகிறது. முதலில் கூசியது.

நேற்று திவ்யா என் உச்சியில் விரலை நிறுத்தினாள்.

“ம்மா, இங்க புதுசா ஒண்ணு கீது.”

“கறுப்பா, வெளுப்பா?”

“வெளுப்பு.”

“இருக்கட்டும்” என்றேன். “என்னுதுதானே.”