மகள் சொன்னதும் தந்தை சொன்னதும்

நான் ஒரு முட்டாள். ஊரார் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்குத்தான் ஓர் ஆராய்ச்சி தேவைப்பட்டது.

ஐம்பதுகளின் கடைசியில் சேலத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எந்த வேலைக்கு ஆசைப்படுகிறார்கள் என்று விசாரிக்க எருமப்பட்டிக்கு அனுப்பினார்கள். டை கட்டிக்கொண்டு போனேன். எருமைகள்கூட மேய்ச்சலை நிறுத்திப் பார்த்தன.

எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்த பாவாயி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நர்சுக்குப் படிக்கோணுங்க சார். ஊட்டுல சொல்லிப்போடாதீங்க."

"சேச்சே, சொல்வேனா?" என்றேன்.

மறுநாள் பெற்றோர்களைக் கேட்கும் முறை. பாவாயியின் அப்பா கட்டிலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"பொண்ணை என்னவாக்கப் போறீங்க?"

"என்னத்த ஆக்கறது? தை மாசம் அவ மாமனுக்குக் கட்டிக்குடுக்கறமுங்க."

மகள் ஒன்று சொல்லி, தந்தை வேறு சொன்னால் ஆராய்ச்சிக்கு மதிப்பு கூடும். அந்தச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"அவ நர்சாகணும்னு சொல்றாளே!" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். இன்னொரு சொம்பு மோர் வந்தது. அதையும் குடித்தேன்.

அடுத்த வாரம் பாவாயி பள்ளியில் இல்லை. கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வரப்பில் இறங்கினேன். வாயில் வந்ததோ, பள்ளியைப் பாதியில் விட்டவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி.

"படிப்பை நிறுத்தக் காரணம் என்ன அம்மணி?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்கதானுங்க சார்."