மேலிடம்

பேனா மூடியைக் கழற்றி, அதைக்கொண்டே கூரையைக் காட்டுகிறார். பிள்ளைக்கு இடம் கேட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் தகப்பனார் தானும் அண்ணாந்து பார்க்கிறார். அங்கே ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"நாங்க வைக்கிறதில்லைங்க. கட்-ஆஃப் மேலருந்து வருது."

அரசுக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவு எழுத்தர் அவர். வாயைத் திறந்தால் இந்தப் பேச்சுத்தான் என்பதால் அலுவலகத்தில் 'மேலிடம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. டீ கொண்டுவருபவர்கூட, "மேலிடத்துக்குச் சர்க்கரை கம்மி" என்றுதான் டம்ளரை வைப்பார். இவர் கோபித்துக்கொள்வதில்லை.

அவர் தலைக்கு மேலே இருப்பது முதல்வர் அறை. விடாக்கண்டர்கள் அங்கேயும் ஏறிப் போவார்கள். "என் கையில என்னய்யா இருக்கு? எல்லாம் மேல முடிவு பண்றது" என்று முதல்வரும் கையை விரித்துவிடுவார். முதல்வர் அறைக்கு மேலே மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். அதற்கும் மேலே யார் என்று இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு காலத்தில் ஆசிரியர்களே மாணவர்களை உட்காரவைத்துப் பேசித்தான் சேர்த்தார்கள். அது ஒன்றும் பொற்காலமில்லை. "அப்பா என்ன பண்றார்?" என்பதே முதல் கேள்வி. பதிலைக் கேட்டதும் பேராசிரியர்களின் முகம் சுருங்குவதைக் கதவோரம் நின்று பார்த்தவர் இவர். எல்லோருக்கும் ஒரே கட்-ஆஃப் மதிப்பெண் வரம்பு என்று வந்தபோது மனசாரச் சந்தோஷப்பட்டார். "இனிமே யாரும் மூஞ்சியைப் பாக்க மாட்டாங்கப்பா" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அப்படியே ஆயிற்று. இப்போது மூஞ்சிகளைப் பார்ப்பது இவர் ஒருவர்தான். வரம்பு வெளியான நாட்களில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவார்.

ஆனாலும் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. இந்த வருடம் வரம்பு எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்வார். அக்கா மகளின் மதிப்பெண்ணைக் கேட்டதும், "கண்ணை மூடிக்கிட்டு இங்க போடு. என் சர்வீஸ்ல இதுக்கு மேல போனதே இல்ல. வேற காலேஜுக்கெல்லாம் எதுக்கு அலையறே?" என்றார். மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளும் வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லை.

இன்று காலை வரம்பு வந்தது. அவளுக்கு அரை மதிப்பெண் குறைவு. மற்ற கல்லூரிகளில் விண்ணப்பம் வாங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

நேரே உள்ளே வந்திருக்கலாம். அவள் வெயிலில், எல்லோரோடும் வரிசையில் நின்றே வந்தாள்.

"உள்ள வந்து உக்காரும்மா."

"பரவால்ல சார். என் சர்டிபிகேட்டைக் குடுத்தீங்கன்னா போதும்."

பேச்சு வந்த நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்ட வாய்.  பழக்கதோஷத்தில் அவர், "நாங்க வைக்கிறதில்லைம்மா, அது..." என்று தொடங்கிவிட்டார்.

"வேற எங்கயும் போட வேணாம்னு சொன்னதும் மேலருந்துதானா சார்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.  விண்ணப்பத்தோடு அவள் தந்திருந்த சான்றிதழ்களை அவர் தேடி எடுத்து, ஓரங்களைத் தட்டி ஒழுங்குசெய்து, ஜன்னல் துவாரம் வழியாக நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தாள்.

அவருடைய கை வெளியே வெயிலில் அப்படியே நீண்டிருந்தது. அடுத்து நின்றவர் அது தனக்காகத்தான் என்று நினைத்து, தன் மகனின் மதிப்பெண் பட்டியலை அதில் வைத்தார்.