சுமோ அரங்கில் நான்கு குஷன்கள்

இன்று காலை சிட்னி ரயிலில், தினமும் என்னோடு டூங்கபி ஸ்டேஷனில் ஏறும் அன்ரி பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

“என்ன தம்பி, ரெண்டு கிழமையாக் காணேல்லை?”

“ஜப்பான் போயிருந்தேன் அன்ரி.”

“படம் எடுத்தனீங்களே? காட்டுங்கோ பாப்பம்.”

ஊர் திரும்பிய பிறகு படங்களைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சந்தோஷமாகப் போனை நீட்டினேன்.

டோக்கியோவின் பழைய பகுதியான ரியோகோகு. அங்குள்ள அருங்காட்சியகம், கோயில் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். சுமோ அரங்கின் படத்தில் அவர் விரல் நின்றது.

அங்கே தரையில் நான்கு பேர் அமரும் கட்டங்கள் உண்டு. தனி டிக்கெட் தீர்ந்துபோனதால் ஒரு முழுக் கட்டத்தையும் நான் ஒருவனுக்காகவே எடுத்திருந்தேன். படத்தில் நான்கு குஷன்கள். ஒன்றின் மேல் என் பை.

“மற்ற மூண்டு பேரும் எங்க, தம்பி?”

“டீ வாங்கப் போயிருந்தாங்க, அன்ரி.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“அப்ப அவையின்ர படத்தையும் காட்டுங்கோவன்.”

நல்லவேளை, ஸ்ட்ராத்ஃபீல்ட் வந்தது. இறங்கிவிட்டேன். என் ஆபீஸ் இன்னும் பல ஸ்டேஷன் தாண்டி, சிட்டியில் இருக்கிறது.

நாளைக்கும் அதே ரயில்தான். சிட்னியில் அவசரமாக மூன்று நண்பர்கள் தேவை. டீ குடிப்பவர்களாக இருந்தால் நல்லது.