குரல் போன பிறகும்

தொண்டையில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது முன்னறைச் சுவரில் ஒரு பெரிய டிவி தொங்கியது. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் மகன் வாங்கி மாட்டியது. இனி ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை நான் அதில் பார்த்தால் போதுமாம். வெள்ளறடை ரோட்டில் ஆட்டோ குலுக்கும், தூசி ஆகாது, பாடவும் முடியாது, பிறகு எதற்கு அலைச்சல் என்று அவனும் மருமகளும் மாறி மாறிச் சொன்னார்கள். அன்பால் சொன்னதுதான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் சபையில் கீர்த்தனைக்கு அடி எடுத்துக் கொடுப்பவள் நான். முதல் வரியை நான் தனியாகப் பாட வேண்டும். அதற்குப் பிறகுதான் சபை சேர்ந்துகொள்ளும். கீபோர்டு வந்தும் அந்த வழக்கம் மாறவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் வெறும் காற்றாகிவிட்டது. வந்தால் வரும் என்றார் டாக்டர்.

சில ஞாயிறு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஏதோ பட்டணத்துப் பெரிய சபை, நல்ல பாட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் குக்கர் விசில் அடித்தது. எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தேன். பாட்டு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்ததும் அங்கே யாருக்கும் தெரியாது, வந்து உட்கார்ந்ததும் தெரியாது. இதற்குப் பெயர் ஆராதனையா? அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு சேலை உடுத்திக்கொண்டு கிளம்பினேன். மகன் வாசலை மறித்தான்.

"அம்மா, ஆண்டவர் இங்கயும் உண்டுல்லா?"

"உண்டு மக்கா. ஆனா என் பெஞ்சில இருக்கியவங்க இங்க இல்ல. அவங்களும் சேந்தாத்தான் சபையாக்கும். வழி விடு."

காற்றுக் குரலில்தான் சொன்னேன். ஆனாலும் விட்டான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டோவில் கூடவே வந்தான்.

கீர்த்தனை நேரம் வந்தது. கீபோர்டு ராகம் காட்டியதும் பழக்கத்தில் எழுந்து நின்று வாயைத் திறந்துவிட்டேன். சத்தம் வரவில்லை. கீபோர்டு நின்றது, மறுபடி ராகம் காட்டியது, மறுபடியும் நின்றது. என் இடத்துக்கு எத்தனையோ காலமாகக் கண் வைத்திருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். நான் தொடங்காமல் ஒருவரும் தொடங்கவில்லை. பின்னால் நின்ற மகன் தலை குனிந்துகொண்டான்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுக்காரி எழுந்து வந்தாள். வேலியோரப் பலாமரம் யாருக்கு என்ற சண்டையில் வருஷக்கணக்காக என்னோடு பேச்சு வார்த்தை இல்லாதவள். வந்து என் தோளை உரசிக்கொண்டு நின்றாள்.

"நீங்க வாயத் திறங்க அக்கா. சத்தம் நான் போடுதேன்."

திறந்தேன். அவளுக்கு எப்போதும் சுருதி இறங்கும், அன்றும் இறங்கியது. முதல் வரி முடிந்ததும் சபை மொத்தமும் சேர்ந்துகொண்டது. கண்ணீர் கொட்டியது, நான் துடைக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பலாமரச் சண்டை தீரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். அந்த டிவியில் இப்போது பேரப்பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள். ஞாயிறுதோறும் நான் எழுந்து நின்று வாயைத் திறக்கிறேன்; அவள் வந்து பக்கத்தில் நிற்கிறாள். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.